மாரா நதியின் மார்க்கம்

கென்யா தேசத்தின் மேற்கே, மாவ் மலைவனத்தின் நடுவில், எனாபுயாபுய் என்ற சதுப்பு நிலத்தில் கசிந்து ஊறும் நீரானது, அமாலா, நியாங்கோரஸ் என்னும் இரண்டு ஆறுகளின் சங்கமத்துக்குப்பின் மாரா என்ற பெயர் பெற்று, தொடக்கம் முதல் ஏறத்தாழ 395 கிலோமீட்டர் ஓடி, டான்சானியாவில் விக்டோரியா ஏரியை அடைகிறது. மிருகங்களைக் காண வரும் யாத்திரிகர்கள் பெரும்பாலும் அந்நதியின் நடுப்பகுதியை மட்டுமே தரிசித்துத் திரும்புகிறார்கள். அந்த நடுப்பகுதிக்கு ஜீவாதாரம் மேலேயுள்ள வனமே என்பது நதியோடு கூடவே இறங்கி வருகிறவர்களுக்குத்தான் புலனாகும்.

கருத்துள்ள இல்லாள் குதிர் நெல்லை அளந்து எடுப்பதுபோல, மலைவனம் தான் வாங்கிய மழையைச் சிறுகச் சிறுக நதிக்குக் கொடுக்கிறது. தேயிலைத் தோட்டங்களையும் வயல்களையும் கடந்து சமவெளியில் இறங்கியதும், காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது: கண்ணுக்கெட்டிய தூரம் புல்; இடையிடையே குடை விரித்த வேல மரங்கள்; மடுக்களில் முதுகு மட்டும் தெரியக் கிடக்கும் நீர்யானைகள்.

மசாய் மாரா சரணாலயத்தைக் கடந்து, 1951இல் ஸ்தாபிக்கப்பட்ட செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் நதி பிரவேசிக்கிறது. அப்பூங்காவின் வடபகுதியில் கடுங்கோடையிலும் வற்றாத ஆறு இது ஒன்றே. ஆகையினால்தான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள், வரிக்குதிரைகள் புடைசூழ, ஜூலை முதல் அக்டோபர் வரை இதன் இரு கரைகளையும் நாடி வருகின்றன. செங்குத்தான மண்கரையின் விளிம்பில் முதல் மிருகம் முன்னங்கால்களை ஊன்றி, நீரை முகர்ந்து, பின்வாங்கி, மறுபடியும் முன்வந்து, சட்டென்று பாய்ந்ததும், பின்னால் நின்ற மந்தை முழுவதும் புழுதியோடு சரிந்து இறங்குகிறது. முதலை வாய்ப்படுவன சில. வெள்ளத்திலும் நெரிசலிலும் மூழ்கி மடிவன ஆண்டுக்குச் சராசரி ஆறாயிரத்துக்கு மேல். அந்த மரணமும் வீணாவதில்லை. மாமிசம் மீன்களுக்கும் கழுகுகளுக்கும் மராபு நாரைகளுக்கும் உணவாகிறது. ஆற்றின் அடியில் தங்கும் எலும்புகளோ ஏழாண்டுக் காலம் மெல்லக் கரைந்து, நீர்வாழ் உயிர்களுக்குப் பாஸ்பரஸ் சத்தை வழங்குகின்றன.

கடைசியில், முசோமா நகருக்கு அருகே, பாபிரஸ் கோரை மண்டிய பெருஞ்சதுப்பில் நதி வேகம் தணிந்து, சுமந்து வந்த வண்டலை அங்கே இறக்கிவிட்டு ஏரியில் கலக்கிறது. அவ்வண்டலில், மரங்களை இழந்த மலைச்சரிவின் மண்ணும் இருக்கிறது. மாவ் வனத்தில் மரம் குறையக் குறைய, மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும். கோடையில், மிருகங்கள் நீரைத் தேடி வரும் அதே சமயத்தில், ஓட்டம் மெலியும். செரெங்கெட்டியைக் காக்க வேண்டுமென்று உண்மையாகவே விரும்புகிறவர்கள், அதன் எல்லைக்கு அப்பால், வேறொரு தேசத்தில் நிற்கும் மரங்களையும் காத்தே தீரவேண்டும். ஒரு நதியின் நன்மையைப் பகிர்ந்துகொள்ளும் இரு தேசங்களுக்கும் அது பொதுத் தர்மம்.