கம்பியை மூடும் முன்

ஜவ்வாது மலையின் கிழக்குச் சரிவில் விழும் மழை சந்தவாசல், படவேடு பக்கத்து ஓடைகளில் இறங்கி, கமண்டல நதியோடு போய், ஆரணியைத் தாண்டிச் செய்யாற்றில் சேர்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் இந்த ஓடைகளில் மணலும் முள்ளும்தான் இருக்கும். ஐப்பசியில் ஓர் இரவு மலையில் அடித்துப் பெய்தால் போதும், விடிவதற்குள் தரைப்பாலம் முழுகிவிடும். பால் கேனோடு வந்தவர், புத்தகப் பையோடு நிற்கும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட கர்ப்பிணி என எல்லாரும் தண்ணீர் வடியும்வரை கரையிலேயே காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்து மக்கள் எழுதும் மனுக்களில் சிறுபாலம் அடிக்கடி இடம்பெறுவதற்கு இதுதான் காரணம்.

அப்படியொரு சிறுபாலம் எப்படி எழுகிறது என்று பார்க்கப் போனேன். இன்னும் சரியாகச் சொன்னால், அதை எழுப்ப வைக்கிறவர் கூடவே இருந்து பார்க்கப் போனேன். வேலூர்–திருவண்ணாமலைச் சாலையில் சந்தவாசலில் இறங்கி, கிளைச் சாலை ஒன்றில் மலையைப் பார்த்தபடி உள்ளே போனால் சைட். வேலைக்குப் பொறுப்பான சூப்பர்வைசர் செங்கம் பக்கத்துக்காரர். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, சாலை, பாலம், குடிநீர்த் தொட்டி என்று ஊர் ஊராகப் போனவர். கூலியாட்களுக்கு அவர் ‘சார்’. அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு போகும் பெரியவர்களுக்கு இன்றைக்கும் ‘ஓவர்சீயர்’.

நான் போனது பாலத்தின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். விடிகாலையிலேயே வந்து, கம்பிக் கூட்டின் மேல் போட்டிருந்த பலகையில் குந்தியிருந்தார். கையில் டேப், சட்டைப் பையில் சாக்பீஸ், பக்கத்தில் சின்ன சிலேட். கம்பிகளின் இடைவெளியை அளந்து, தேதியையும் செயினேஜ் என்னும் தூரக் குறியையும் சிலேட்டில் எழுதி, அதைக் கம்பி மேல் வைத்துப் போட்டோ எடுத்தார். மதியத்துக்குள் இந்தக் கம்பி எல்லாம் மறைந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை பெரிய அதிகாரி வந்தாலும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டும் என்றால் உடைக்க வேண்டும். அவர் வேலையின் கனம் முழுக்க இந்தச் சில மணி நேரத்தில் இருக்கிறது.

தெற்கு மூலையில் விரலை விட்டார். உள்ளே போகவில்லை. கம்பி கட்டியவர்கள் நடந்து நடந்து, கம்பிக்கு அடியில் வைத்திருந்த கவர் பிளாக்குகள் நகர்ந்து, கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே உட்கார்ந்திருந்தது. அங்கே 40 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போர்த்தியிருக்க வேண்டும். சிமெண்டில் உள்ள காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. அந்தப் போர்வை இல்லாத இடத்தில் ஈரமும் காற்றும் நேராகக் கம்பியைத் தொடும். இரும்பு துருவானால் முன்பிருந்ததைவிடக் கூடுதல் இடம் கேட்கும், உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளும். அரசுப் பள்ளிக் கூரைகளிலும் பழைய பாலங்களின் அடியிலும் பாளம் பாளமாகப் பெயர்ந்து கம்பி தெரிவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பெயர்ப்பு தொடங்குவது இப்படி விரல் நுழையாத ஒரு மூலையில்தான்.

அதற்குள் வேலூர்ப் பக்கத்திலிருந்து மிக்சர் லாரி வந்துவிட்டது. பிளாண்ட்டில் ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கலவையை இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. டிரைவரிடம் சீட்டை வாங்கி நேரம் பார்த்தார். கையிருப்பு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒப்பந்தக்காரர் தரப்பு ஆள் போனில் அழைத்துவிட்டார். “ஒரு மூலைதானே, போட்டு விடுப்பா” என்று அந்தப் பக்கம் பேசுவது எனக்கும் கேட்டது.

“ஒரு மூலைதாண்ணா. தண்ணி நிக்கப் போறதும் அந்த மூலையிலதான்” என்றார் சூப்பர்வைசர். போனை வைத்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார். “மேஸ்திரி, அந்த ஓரத்த ஜாக்கி வச்சித் தூக்குங்க. பிளாக்க வெறுமனே வைக்காதீங்க, கம்பியோட சேத்துக் கட்டுங்க.” கம்பி கட்டுகிற ஜார்க்கண்ட் இளைஞர்களுக்கு அதையே சைட் இந்தியில் சொன்னார். இருபது நிமிடத்தில் மூலை சரியானது. மறுபடி விரலை விட்டுப் பார்த்து, டேப் வைத்து அளந்து, அதன் பிறகுதான் லாரியைப் பின்னால் வரச் சொல்லிக் கை காட்டினார். கோபமாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அவர் கை காட்டும்வரை அந்த இடத்தில் எதுவும் அசையவில்லை. நான் பார்க்க வந்த தொழில் அந்த இருபது நிமிடம்தான் என்று தோன்றியது.

பிறகு நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் தேவைப்பட்டது. வெயில் ஏற ஏறக் கலவை இறுகும். இறுகினால் வேலையாட்களுக்குப் பரப்பக் கஷ்டம். உடனே டிரைவரின் கை தண்ணீர்க் குழாய்க்குப் போகும். நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் கலவை வழவழவென்று ஓடும், வலுவும் அதோடு ஓடிவிடும். அதனால் முதல் லாரி காலியாகும்வரை சூப்பர்வைசர் டிரைவர் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பில் கலவையை அடுக்கடுக்காக நிரப்பி, கம்பியால் குத்தி, கூம்பைத் தூக்கினார். கலவை எவ்வளவு உட்கார்கிறது என்று அளந்து எழுதினார். 150 மில்லிமீட்டர் அச்சுகளில் கியூப் போட வைத்தார். ஏழாம் நாள் சில கியூப்களை உடைப்பார்கள், 28-ஆம் நாள் மீதியை. உடைத்துப் பார்த்த வலு எண் வரும்போது இவர் அடுத்த சைட்டில் இருந்தாலும் இருப்பார். எண் குறைந்தால் மட்டும் போன் வரும்.

வைப்ரேட்டர் ஊசியைக் கலவைக்குள் இறக்கும்போது அவர் கண்ணை எடுத்துவிட்டுக் காதைக் கொடுத்ததைக் கவனித்தேன். என்ன கேட்கிறீர்கள் என்றேன். “சத்தம் மாறும் சார். மொதல்ல திணறும். உள்ள காத்து போனதும் ஒரே சீரா ஆயிடும். மேல குமிழி நின்னுடும். அப்ப மெதுவா எடுக்கணும். சடார்னு உருவுனா ஓட்டை நின்னுடும்.” சொல்லிக்கொண்டே எனக்குப் பின்னால் நின்ற பையனிடம், ஊசியைக் கம்பி மேல் வைக்காதே என்று கை அசைத்தார். இந்தக் காது எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது. சைட்டில் நின்றவர்களிடமிருந்து சைட்டில் நிற்பவர்களுக்கு வருவது.

கான்கிரீட் முடிந்தாலும் வேலை முடியாது. மறுநாள் தளத்தின் மேல் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும், பக்கச் சுவர்களில் நனைந்த சாக்கு காயாமல் பார்க்க வேண்டும். இந்த நீராற்றுதலில்தான் ஏமாற்றுவது மிக எளிது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வர மாட்டார்கள், சாக்கு காய்ந்தால் யார் கண்ணிலும் படாது. அடிவாரத்து ஊரிலிருந்து வரும் ஓர் அம்மாவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார். “ரெண்டு வேளை இல்ல சார், சாக்கு வெளுத்தாப் போதும், ஊத்திருவேன்” என்றார் அந்த அம்மா. அளவுகோல் இதைவிடத் துல்லியமாக இருக்க முடியாது.

மேலே மலையிலும் ஒரு கண் வேண்டும். பாலம் கட்டும்போது வண்டிகள் போக, ஓடைக்குள் குழாய் பதித்து மண் கொட்டி மாற்றுப்பாதை போட்டிருந்தார்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மேகம் கூடினால் இங்கே வெயில் அடித்தாலும் அவர் ஓடைக்குள் கிடக்கும் சென்ட்ரிங் சாமான்களை மேட்டில் ஏற்றச் சொல்லிவிடுவார். ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டத்துக்கு அந்த மண்பாதை தாங்காது, அதற்குள் பாலம் திறந்தாக வேண்டும் என்பது அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு.

இந்தக் கண்காணிப்பு நமக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரிக்கென்று தனி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக்கு எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. பொதுப்பணியில் கணக்கு எத்தனை பெரிய விஷயம் என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள். இன்று சைட்டில் அதற்கு எம் புக் என்ற அளவுப் புத்தகம் இருக்கிறது. அளந்து அதில் எழுதினால்தான் பில்.

சரியாகப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தூரம் போக வேண்டாம், ஆனால் எல்லாப் பழியையும் சைட்டில் நிற்பவர் தலையில் கட்டவும் கூடாது. படவேட்டுக்கு மேலே கமண்டல நதியின் குறுக்கே உள்ள செண்பகத்தோப்பு அணை 2007-இல் திறக்கப்பட்டது. 62.32 அடி உயரம், 287.20 மில்லியன் கன அடி கொள்ளளவு. ஷட்டர்கள் சரியாக இயங்காததால் பத்தாண்டுக்கும் மேலாக அதில் முழு அளவுக்குத் தண்ணீர் தேக்க முடியவில்லை. மழை பெய்தது, ஆறு ஓடியது, அணையும் நின்றது. இரும்புக் கதவுகள் நினைத்தபடி ஏறி இறங்காததால் அத்தனை ஆண்டுத் தண்ணீர் போனது.

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்த உயர்மட்டப் பாலம், ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டி, 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, அந்த டிசம்பர் தொடக்கத்திலேயே பாலம் போய்விட்டது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிடுவது வடிவமைப்பவர் வேலை. அந்தக் கணக்குக்கு மேல் வெள்ளம் வந்தால் சைட்டில் எத்தனை கவர் பிளாக் வைத்தும் பயனில்லை. சூப்பர்வைசரிடம் இதைக் கேட்டேன். “டிராயிங்ல இருக்கிறத நான் மாத்த முடியாது சார். டிராயிங்ல இருக்கிறதயாவது முழுசா உள்ள வச்சனான்னு கேட்டா, வச்சேன்னு சொல்லணும்” என்றார்.

சித்தாள் வேலைக்கு வந்திருந்த பெண்களில் பலர் மலையடிவாரத்துக்காரர்கள். கரும்பு வெட்ட, செங்கல் சூளைக்கு, கேரளா, கர்நாடகா என்று குடும்பத்தோடு போய் வருகிறவர்கள். “கிட்டயே வேலை இருந்தா யாரு சார் புள்ளைங்கள வுட்டுட்டுப் போவாங்க?” என்று ஒருவர் கேட்டார். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரில் பலர் இந்த மாவட்டத்தவர். சிலர் இந்த அடிவாரத்து ஊர்க்காரர்கள். இடைத்தரகர் காட்டும் கூலிக்காக உயிரைப் பணயம் வைக்கிற நிலை இங்கே ஏன் வந்தது என்று யோசிக்கும்போது, ஊருக்குப் பக்கத்தில் நடக்கும் ஒரு பாலம் வேலைக்கு உள்ளூர் ஆளை எடுப்பதும் வெளியூர் ஆளைக் கொண்டுவருவதும் வெறும் செலவுக் கணக்கு இல்லை. இந்த சூப்பர்வைசர் கம்பி வேலைக்கு மட்டும் வெளி ஆட்களை வைத்துக்கொண்டு, மற்றதற்கு அக்கம்பக்கத்தவரையே கேட்டு வாங்கியிருந்தார். இரண்டு உள்ளூர்ப் பையன்களை மட்டக்கருவி பார்க்கவும் பழக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியதற்கு இது பெரிய காரணம்.

அவருடைய நிலைமை என்ன? விடியுமுன் வருகிறார். ராத்திரி ரிப்போர்ட் அனுப்பி முடித்துத்தான் படுக்கிறார். சம்பளம் மாதம் இருபதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். வேலை முடிந்தால் அடுத்த வேலை உறுதியில்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 1996-இல் கொண்டுவந்த சட்டம், மேற்பார்வை வேலையில் மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்குபவரைத் தொழிலாளர் வரையறைக்கு வெளியே நிறுத்தியது. 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இந்த வரம்பு 18,000 ரூபாய். ஆக, சாரத்தில் கொத்தனாரோடு ஏறி, அதே வெயிலில் நின்று, அதே பள்ளத்தில் இறங்கும் இவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர் இல்லை. நிர்வாகமும் இவரைத் தன் ஆளாக நினைப்பதில்லை. லாரியை நிறுத்தி வைக்கும் துணிவை ஒருவரிடம் எதிர்பார்க்கிறோம் என்றால், நிறுத்தியதற்காக மறுநாள் வேலை போகாது என்ற உறுதியை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். அதை நாம் கொடுக்கவில்லை.

மேற்பார்வையாளருக்கான அந்தச் சம்பள வரம்பைச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும். சைட்டில் நிற்கும் சூப்பர்வைசர் பெயரையும் பணி விவரப் பலகையில் போட வேண்டும். கான்கிரீட்டை நிறுத்திவைக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பாலம் வேலை நடந்தால் திறப்பு விழாவுக்கு மட்டும் போகாதீர்கள், கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் போய்ப் பாருங்கள். மதிப்பீட்டையும் கியூப் பரிசோதனை முடிவையும் கிராம சபையில் கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது.