பீபரியின் பெருமை

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் அந்தஸ்தை அளந்து பார்க்க அநேக அளவுகோல்கள் உண்டு. அவற்றுள் ஒன்று காப்பி. "எங்கள் வீட்டில் சுத்த பீபரிதான், சிக்கரி வாடையே ஆகாது" என்று ஒரு சம்பந்தி அம்மாள் சொல்லிவிட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் சம்பந்தி அம்மாள் மறுநாளே தம் வீட்டுப் பொடியை மாற்றியாக வேண்டும். மாதக் கடைசியில் பாலைக் குறைத்தாலும் குறைப்பார்களே யொழிய, பீபரியைக் கைவிட மாட்டார்கள். இவ்வளவு கீர்த்திக்கும் அந்தக் கொட்டை பாத்திரமானதுதானா என்று ஒரு முறை பரீட்சித்துப் பார்ப்பது நல்லது என்று நமக்குத் தோன்றிற்று.

முதலில், பீபரி என்பது என்ன? அது காப்பியில் ஓர் உயர்ந்த ஜாதி என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காப்பிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு விதைகள் இருக்கும். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்வதால் இரண்டுக்கும் ஒரு பக்கம் தட்டையாகிவிடுகிறது. சில பழங்களில் மட்டும் ஒரே விதை வளர்ந்து, போட்டிக்கு ஆள் இல்லாமல், உருண்டு திரண்டுவிடுகிறது. அதுதான் பீபரி. விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை இப்படி அமையும். அதைத் தனியே பொறுக்கி எடுத்துத் தனி விலைக்கு விற்கிறார்கள். ஆகவே பீபரி என்பது வடிவத்தின் பெயரே அன்றி ருசியின் பெயர் அன்று.

இன்னொரு சங்கதியும் உண்டு. மென்மையும் மணமும் உள்ள அராபிகாவிலும் பீபரி உண்டு. கசப்பும் காரமும் மிகுந்த ரோபஸ்டாவிலும் பீபரி உண்டு. வெறுமனே 'பீபரி' என்று பலகையில் எழுதியிருந்தால், அது எந்தச் செடியின் பிள்ளை என்பது தெரியாது. இதற்கு மாறாக, 'பிளாண்டேஷன் ஏ' என்ற பெயரில் கொஞ்சம் விவரம் அடங்கியிருக்கிறது. பழத்தின் சதையை நீக்கி, நீரில் கழுவி உலர்த்திய அராபிகாவில், சுமார் ஆறரை மில்லிமீட்டர் சல்லடைக் கண்ணில் விழாமல் மேலே தங்கும் பெரிய கொட்டை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சை நடந்தது. அன்று காலை வறுத்து அரைத்த பொடியில் மூன்று வகை வாங்கினோம்: அராபிகா பீபரி, பிளாண்டேஷன் ஏ, அதே பிளாண்டேஷனில் நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி சேர்த்தது. நான்காவதாக, மளிகைக் கடையில் அகப்பட்ட மலிவான பொட்டலம். அதில் காப்பி 60, சிக்கரி 40 என்று அச்சிட்டிருந்தது. ருசி பார்க்க ஐந்து பேர்: நாம், நம் மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த தமக்கையார், அடுத்த வீட்டுக் கணித ஆசிரியர், அவருடைய மனைவி. எந்த டம்ளரில் எது என்பது டிகாக்ஷன் ஊற்றிய கணித ஆசிரியர் மகளுக்கு மட்டுமே தெரியும்.

முதற் சுற்றில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மலிவுப் பொட்டலத்தை ஐவரும் உடனே கண்டுகொண்டார்கள். ஆனால் பீபரியையும் பிளாண்டேஷனையும் பிரித்துச் சொன்னவர்கள் இருவரே. நாற்பது வருஷமாகப் பீபரியைத் தவிர வேறு அறியாத தமக்கையார், ஒரு டம்ளரை முகர்ந்து, "இதுதான் பீபரி! வாசனையே சொல்லுகிறதே!" என்றார். அது பிளாண்டேஷன்.

இரண்டாவது சுற்றில் வழக்கம்போல் பாலும் சர்க்கரையும் சேர்த்தோம். இம்முறை மூவரின் வாக்கு, இருபது பங்கு சிக்கரி கலந்த காப்பிக்கு விழுந்தது! இது அதிசயம் அல்ல. சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் காபீன் இல்லை. ஆனால் காப்பியைவிட மிகுதியாக நீரில் கரைவதால் டிகாக்ஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் கொடுக்கிறது. பாலுக்கு ஈடு கொடுத்து நிற்க அந்தக் கெட்டி உதவுகிறது. அளவோடு சேர்ந்தால் அது கலப்படம் அன்று, பக்குவம். அளவு மீறினால்தான் மோசம்.

மூன்றாவது சுற்றே நமக்குக் கண் திறந்தது. மூன்று வாரத்துக்கு முன் அரைத்து டப்பாவில் வைத்திருந்த பீபரியையும், அன்று அரைத்த பிளாண்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஐவரும் ஒரு மனதாகப் புதிய பொடியையே தேர்ந்தெடுத்தார்கள். அரைத்த காப்பியின் மணம் நாளுக்கு நாள் காற்றோடு போய்விடுகிறது. போன மணத்தை எந்தப் பெயரும் திருப்பிக் கொண்டுவராது.

ஐந்து பேருடைய நாக்கு சாஸ்திரம் ஆகிவிடாது என்பது வாஸ்தவந்தான். ஆனாலும் ஒரு குடும்பத்தின் காப்பிச் செலவைத் தீர்மானிக்க அது போதும். நம்முடைய தீர்ப்பு இது: பீபரி நல்ல காப்பி, ஆனால் பிளாண்டேஷனைவிட அதிகமாகக் கொடுக்கும் பணம் பெயருக்குத்தான், ருசிக்கு அல்ல. கடைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அராபிகாவா, ரோபஸ்டாவா? என்று வறுத்தது? சிக்கரி எவ்வளவு? கலவைப் பொடியில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது என்பதும், இரண்டின் அளவையும் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கிறவர்கள்தாம் சொற்பம்.

இது நாக்கைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. குடகிலும், சிக்கமகளூரிலும், வயநாட்டிலும், நம் சேர்வராயன் மலையிலும், பழனி மலையிலும் விளையும் காப்பி உலகத்தார் மெச்சும் சரக்கு. இந்தியாவில் விளைவதில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு கப்பலேறி அயல்நாடு செல்கிறது. அங்கே உள்ளவர்கள் இன்ன மலை, இன்ன பக்குவம் என்று விசாரித்து வாங்குகிறார்கள். நாமோ, நம் வீட்டுக்கு ஒரு பகல் பிரயாண தூரத்தில் விளைந்ததை, ஒரு பெயரை மட்டும் கேட்டு வாங்குகிறோம். கேட்கத் தெரிந்த ஜனங்களுக்குத்தான் வியாபாரி நல்ல சரக்கை வைத்திருப்பான். அந்த மலைகளில் விடியற்காலையில் பழம் பறிக்கும் தொழிலாளியின் உழைப்புக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை, அந்தப் பழத்தின் ருசியை அறிந்து குடிப்பதுதான்.