புல்லு காட்டிக்கொடுத்த கரண்ட் பில்

பக்கத்து வீட்டு அத்தைக்கு அப்போ முதியோர் உதவித்தொகை மாசம் ஆயிரம் ரூபாய். 2023 சித்திரையில அவங்க வீட்டுக் கரண்ட் பில் 2270 ரூபாய் வந்துச்சு. ரெண்டு மாசப் பணத்தை அப்படியே கொடுத்தாலும் பத்தாது. வழக்கமா 180 யூனிட் தாண்டாத வீடு, அந்தத் தடவை 540.

ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் அப்போ இலவசமா இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். 500 தாண்டினா 101லருந்து 200 வரைக்குமான சலுகை விலை போயிடும்னு அப்போ பலபேர் கவனிக்கல. அன்னிக்கு இருந்த கட்டணத்துல 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 510 ஆனா 2030.

ஓசூர்ல வேலை பார்க்கிற மகன்கிட்ட சொல்ல அத்தைக்கு மனசு வரல. ஃபேனை நிறுத்திட்டு, அந்த வெயில்ல திண்ணையில படுத்தாங்க. "வேப்ப மரத்துக் காத்து போதும் தம்பி"ன்னாங்க. 75 வாட் ஃபேன் 13 மணி நேரம் ஓடினாத்தான் ஒரு யூனிட். ராத்திரி பூரா ஓடினாலும் ரெண்டு மாசத்துக்கு 50 யூனிட் வராது. கூடினதோ 360.

மெயினை விட்டுட்டு மத்த ஸ்விட்ச் எல்லாத்தையும் அணைச்சோம். மீட்டர்ல சிவப்பு லைட் சிமிட்டல. அப்போ ஒயர்ல லீக் இல்ல. ஃப்ரிட்ஜை மட்டும் போட்டோம், நிதானமா சிமிட்டுச்சு. போர் மோட்டார் ஸ்விட்சைப் போட்டதும் படபடன்னு அடிச்சுது. ஒரு ஹெச்பி மோட்டார், மணிக்கு ஒரு யூனிட் சுமாரா இழுக்கும்.

அம்மா முட்டி வலியோட நடக்க வேணாம்னு, டேங்குல தண்ணி குறைஞ்சா மோட்டார் தானா ஓடுற மாதிரி மகன் செஞ்சு கொடுத்திருந்தார். ஆனா ஒத்தை ஆளுக்கு இவ்வளவு தண்ணி எதுக்கு?

மாட்டை வித்த பிறகு யாரும் போகாத கொட்டகைக்குப் பின்னாடி போய்ப் பார்த்தேன். ஊரே காஞ்சு கிடக்கு, அங்க மட்டும் கோரையும் அருகம்புல்லும் தழைச்சு நிக்குது. தோண்டினா, மாட்டுத் தொட்டிக்குப் போற பைப் மண்ணுக்குள்ள விரிஞ்சிருக்கு. டேங்க் வடிய வடிய மோட்டார் ராப்பகலா நிரப்பிக்கிட்டே இருந்திருக்கு. அந்தப் பைப்பை வெட்டி மூடி போட்டு அடைச்சோம். அடுத்த பில் 200 யூனிட்டுக்குள்ள வந்துருச்சு.

ஃபேனைச் சந்தேகப்பட்ட ஊரு மோட்டாரை ஏன் சந்தேகப்படல? விவசாயிகள் எல்லாருக்கும் 1990லருந்து தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுதுன்னு கணக்குப் பார்க்கிற பழக்கமே எங்களுக்கு விட்டுப்போச்சு. வீட்டு மோட்டார் வீட்டு மீட்டர்லதான் ஓடுதுங்கிறது பில் வந்தாத்தான் உறைக்குது. அதுவும் தருமபுரி மாதிரி வறண்ட ஜில்லாவுல. குடிக்க ஒகேனக்கல் தண்ணி 2013லருந்து வருது, மத்ததுக்கெல்லாம் போர்தான். கரண்டுக்காவது பில் வருது. மண்ணுல போன தண்ணிக்கு எந்தப் பில்லும் வராது.

உங்க வீட்டுலயும் தானா ஓடுற மோட்டார் இருந்தா, ஒரு ராத்திரி குழாயெல்லாம் மூடிட்டு டேங்கு மட்டத்தையும் மீட்டரையும் குறிச்சு வச்சுட்டுப் படுங்க. காலையில பார்த்தாத் தெரிஞ்சிடும்.