சிவப்பா, பழுப்பா, நீலமா?

கேமிங் கீபோர்டு வாங்கப் போகிறவர் முதலில் விலையைப் பார்க்கிறார். பிறகு மின்னும் விளக்குகளை. விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்சைக் கடைசியில்தான் கேட்கிறார். வருடக்கணக்கில் விரல் குடித்தனம் நடத்தப்போவதோ அதனுடன்தான்.

சாதாரண கீபோர்டில் எல்லா விசைகளுக்கும் கீழே ஒரே ரப்பர் விரிப்பு. மெக்கானிக்கல் ரகத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங், தனி சுவிட்ச். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் எண்பதுகளில் கொண்டுவந்த எம்.எக்ஸ். வரிசைதான் இன்றும் அளவுகோல். அதில் நிறம்தான் குணம். சிவப்பு, தடையில்லாமல் வழுக்கி இறங்கும். பழுப்பில் நடுவழியில் சிறு மேடு தட்டும். நீலத்தில் மேட்டுடன் 'டிக்' சத்தமும் உண்டு. விசை முழுதாக இறங்க 4 மி.மீ.; ஏறத்தாழ 2 மி.மீட்டரிலேயே கம்ப்யூட்டருக்குத் தகவல் போய்விடும்.

துப்பாக்கி விளையாட்டுக்காரர்கள் பலருக்குச் சிவப்பு பிடிக்கும். இன்னும் அவசரக்காரர்களுக்கு 1.2 மி.மீட்டரிலேயே விழித்துக்கொள்ளும் வெள்ளி ரகம். ஆனால் விரல் தெரியாமல் பட்டாலும் குண்டு பாய்ந்துவிடும். நீலம், டைப்ரைட்டர் பழகிய காதுக்கு சங்கீதம். ஹாஸ்டல் அறையில் நள்ளிரவில் அதே 'டிக்', காலையில் பரீட்சைக்குப் போகவேண்டிய நண்பனுடன் சண்டை மூட்டும். நட்பு முக்கியமென்றால் சிவப்பு அல்லது பழுப்பு.

முடிவெடுக்க முடியாதவர்களுக்கு 'ஹாட் ஸ்வாப்' கீபோர்டு இருக்கிறது. சால்டரிங் இல்லாமலே சுவிட்சைப் பிடுங்கி வேறு மாட்டலாம். அப்புறமும் தோற்றால் கீபோர்டைக் குறை சொல்ல முடியாது.