மலைநாட்டு மண்ணுக்குள் வாழும் மெடில்லா

நானுஓயாவில் புகையிரதத்தை விட்டிறங்கி நுவரெலியாவுக்கு ஏறுவோர் கண்டு களிக்க வேண்டியவை எனப் பிறர் எடுத்துரைப்பவை பலவுண்டு. பீதுருதாலகாலை முகடும், கிரகரி வாவியும், சீத்தா எலியாவில் அமைந்த அம்மன் கோவிலும், 1861ஆம் ஆண்டில் சிங்கோனாப் பயிருக்கென நிறுவப்பெற்றுப் பின் பூங்காவாய் மலர்ந்த ஹக்கலைத் தோட்டமும் அவற்றுட் சில. இவையனைத்தையும் காண்பதற்கு நிமிர்ந்து நடந்தாற் போதும். நாமோ இம்முறை குனிந்து நடந்தோம். நாம் தேடிச் சென்றது சிறுவிரற் பருமனேயுள்ள ஒரு பாம்பு.

சிங்கள மக்கள் இதனையும் இதன் இனத்தவற்றையும் மெடில்லா என்பர். நாமும் அப்பெயரையே இங்கு வழங்குவோம். விஞ்ஞானிகள் இதற்கிட்ட பெயர் அஸ்பிடூரா ட்ரக்கிப்ரொக்டா என்பது. முற்பாதிக்குக் கேடயவால் எனப் பொருள் கொள்ளலாம். பெரும்பாலான பாம்புகளின் வாலடியில் செதில்கள் இரண்டிரண்டாய் அமைந்திருக்க, இதற்கோ ஒற்றை வரிசையாய்க் கேடயங்களை அடுக்கியதுபோல் அமைந்துள்ளன. பிற்பாதி, ஆண்பாம்பின் எருவாயைச் சூழ்ந்த செதில்கள் சொரசொரப்பாய் இருப்பதைக் குறிப்பது. 1860ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் வருணித்துப் பெயரிட்ட அமெரிக்கர் எட்வேட் கோப் அப்போது இருபது வயதளவினரான இளைஞர். அஸ்பிடூரா என்னும் இக்குலம் இலங்கைத் தீவிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வாழ்வதில்லை என்பதை நம்மிற் பலர் அறியார். சிங்கராஜ வனத்தைப் பற்றியும் யானைகளைப் பற்றியும் பெருமை பேசும் நாம், நம் காலடியில் நெளியும் இச்சொத்தை எண்ணுவதேயில்லை.

ஏறத்தாழ 750 மீற்றருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளில், ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்காற்று வீசும் 2,100 மீற்றர் உயரம் வரையிலும், இது வாழ்கின்றது. பாம்பென்றால் வெயிலை நாடும் பிராணி என்றே நாம் எண்ணுவோம். மார்கழி, தை மாதங்களில் புல்நுனியிற் பனி உறையும் இவ்விடத்தில் இது எவ்வாறு தாங்குகின்றதென வியப்பெழலாம். இதற்கு வழி மண்ணுக்குள்ளேயே உண்டு. வீழ்ந்த மரத்தின் அடியிலும், கற்களின் கீழும், உக்கிய இலைகளின் நடுவிலும் இது பதுங்கியிருக்கும். காட்டில் இவ்வாறு வாழ்ந்த பிராணிக்கு மனிதன் அமைத்த மரக்கறித் தோட்டம் பெருவிருந்தாயிற்று. குப்பையும் சாணமும் கலந்து குவித்த எருக்குவியல் உள்ளே உக்குங்கால் இளஞ்சூடு பரவும். மண்புழுவும் அங்கேதான் மலியும். மெடில்லாவின் உணவு பெரிதும் மண்புழுவே. ஆதலால் ஒரே எருக்குவியலைக் கிளறும்போது இவை பலவாய் வெளிப்படுவதும் உண்டு.

ஹக்கலைக்கு அப்பால், வெலிமடை வீதியோரத்தில், கோவாவும் லீக்ஸும் பயிரிட்டிருந்த சரிவொன்றில் நாமும் அவ்வாறு கண்டோம். மூதாட்டி ஒருவர் மண்வெட்டியால் எருவைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாம் அருகே சென்றதும், “ஐயா, தள்ளி நில்லுங்க! விரியன் குட்டி!” என்று கூவிக்கொண்டே மண்வெட்டியை ஓங்கினார்.

“பொறுங்கள், அம்மா!” என்று தடுத்து அதனைக் கையில் எடுத்தோம். ஒன்றரைச் சாண் நீளமிருக்கும். கரும்பழுப்பு முதுகில் நிரை நிரையாய்க் கரும்புள்ளிகள். வயிற்றில் மஞ்சள் நிறம். மண்ணிலே வாழ்ந்தும் மண் ஒட்டாத பளபளப்பு. கடிக்க முயலவுமில்லை, சீறவுமில்லை. விரலிடுக்கினூடே தலையை நுழைத்து, மண்ணுக்குள் வழி தேடுவதுபோல் முட்டி முட்டிப் பார்த்தது. மூதாட்டி எம்மை ஐயத்தோடு நோக்கினார். தம் வாழ்நாளில் இப்படி நூற்றுக்கணக்கானவற்றைத் துண்டித்திருப்பதாகவும், ஒன்றேனும் ஒருவரையேனும் தீண்டியதாகத் தாம் கேள்விப்பட்டதில்லை என்றும் அவரே பின்னர் சொன்னார். “ஆனா பாம்பு பாம்புதானே, ஐயா” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவரைக் குறைகூறுதற்கில்லை. தேயிலைச் செடிகளின் அடியிற் சுருண்டு கிடக்கும் ஒருவகை விரியன், மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியது, உண்மையிலேயே அஞ்சத்தக்கது. இந்நாட்டில் விடப்பாம்புகளால் நேரும் கடிகளிற் பெரும்பகுதி அதனாலேயே விளைகின்றது. கொழுந்து கொய்யும் பெண்களின் காலையும் கையையும் பதம் பார்ப்பதும் அதுவே. குழந்தைப் பருவந்தொட்டு அவ்வச்சத்தில் வளர்ந்தவர், புழுதியில் நெளியும் கருநிறக் குட்டியைக் கண்டு நின்று ஆராய்வாரா? ஆயினும் வேறுபாடு எளிதிற் புலப்படும். விரியனின் தலை முக்கோணமாய் அகன்றும் கழுத்து ஒடுங்கியும் இருக்கும். அது தலையை நிமிர்த்திச் சுருண்டு கிடக்கும். மெடில்லாவுக்கோ தலையெது கழுத்தெது எனப் பிரித்தறிய இயலாது. ஒளிந்துகொள்ள மண்ணைத் தேடுவதே அதன் ஒரே முயற்சி. இத்துணைச் செய்தியை மலைநாட்டுப் பாடசாலைகளில் ஒரு படத்தோடு சொல்லிக் கொடுத்தால் எத்தனை உயிர்கள் தப்பும்!

மண்வெட்டியினும் பெரிய இடர் ஒன்றும் உண்டு என்று எமக்குத் தோன்றுகின்றது. அச்சரிவின் கீழ்ப்பக்கத்துப் பாத்திகளில் எருக்குவியல் இல்லை. இரசாயன உரப் பைகளும் மருந்து தெளிக்கும் கருவியும் கிடந்தன. அங்கே ஒரு முழ ஆழம் தோண்டியும் மண்புழு ஒன்றையேனும் நாம் காணவில்லை. மண்புழு இல்லாத இடத்தில் மெடில்லா எதனை உண்ணும்?

இக்குலத்தைப் பற்றி ஆங்கிலேய இராணுவ வைத்தியரான பிராங் வோல் 1921இல் வெளியிட்ட இலங்கைப் பாம்புகள் பற்றிய நூலில் விரிவாகவே எழுதியுள்ளார். அத்தோடு எல்லாம் அறிந்தாயிற்று என்பதற்கில்லை. 2017ஆம் ஆண்டில் சிவனொளிபாத மலைச்சாரலில் இதன் உறவினமொன்று புதிதாய்க் கண்டறியப்பட்டு, இலங்கை வேந்தன் இராவணனின் பெயரையே பெற்றது. அசோகவனத்துக் கதை வழங்கும் சீத்தா எலியாவைக் கடந்து திரும்புகையில், பத்துத் தலையானுக்குக் கிடைத்த இப்பெருமையை எண்ணி நாம் நகைத்துக்கொண்டோம்.

கையிலிருந்ததை நாம் எருக்குவியலின் மறுபுறத்தே விட்டபோது, அது இரண்டு நெளிவில் உட்புகுந்து மறைந்தது. மூதாட்டி சற்றுநேரம் அவ்விடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு அம்மூலையை விட்டுவிட்டு, மற்றப் பக்கத்திலிருந்து எருவை அள்ளத் தொடங்கினார்.