பழைய ஜீப்பும் மலைப்பாதையும்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் மலைப்பாதை, எந்த வண்டியின் குணத்தையும் விரைவில் காட்டிவிடும். கல்லூரிக்குச் சென்று வரவும், முதிய தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும் பழைய சொகுசு ஜீப் ஒன்றை வாங்கினேன். மெத்தென்ற ஆசனங்கள், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வலிமை. மழைக்காலச் சேற்றிலும் அது தடுமாறியதில்லை.

இரண்டாம் ஆண்டில், இரும்பு வில்லுக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப்பை கசியத் தொடங்கிற்று. மாலையில் நிமிர்ந்து நின்ற ஜீப், காலையில் ஒருபுறம் சாய்ந்து கிடந்தது. உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர மூன்று வாரம் ஆயிற்று. இடையே கிளினிக் நாளும் வந்தது. தாயாரைத் தூக்கித்தான் பஸ்ஸில் ஏற்றினோம்.

தோட்டங்களில் முன்பு ஓடிய லான்ட் ரோவர் 1948இல் வெளிவந்தது. அதற்கு அலுமினிய உடல், இரும்புப் பட்டை வில். பட்டை முறிந்தால் உள்ளூர்ப் பட்டறையிலேயே மாற்றிவிடலாம். சொகுசு பெருகப் பெருகப் பழுதுக்கும் இடம் பெருகுகிறது.

வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளுக்கும் விலை ஏறிற்று. அத்துணைப் பணம் கொடுப்போர் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தல் நன்று. அவ்வண்டியைப் பழுதுபார்க்க அறிந்த மெக்கானிக் அருகில் உண்டா என்றும் விசாரித்துக்கொள்ளல் வேண்டும். வீட்டில் நோயாளி உள்ளவர்க்கு இது இன்னும் அவசியம்.