ஸட்ஜம் எங்கே இருக்கிறது?

பேஸ் கிடாருக்குப் பெரும்பாலும் நான்கே தந்திகள். மேடையில் அதை வாசிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்பது தெரியும். நாற்பது வயதுக்கு மேல் இந்த வாத்தியத்தைக் கையிலெடுத்த பெங்களூர் வங்கி ஊழியர் ஒருவருக்கு அதில் வருத்தம் இல்லை. அவரைப் படுத்தியெடுத்தவை 'மோட்' எனப்படும் மேற்கத்திய ஸ்வர வரிசைகள்தான்.

அயோனியன், டோரியன், ஃப்ரிஜியன், லிடியன், மிக்சோலிடியன், ஏயோலியன், லோக்ரியன் என்று ஏழு பெயர்களும் மனப்பாடம். எதற்கு விரல் எங்கே போக வேண்டும் என்பதும் அத்துப்படி. ஆனால் எட்டு மாதம் சாதகம் செய்த பிறகும் ஏழும் ஒன்றுபோலவே ஒலித்தன. பியானோவின் வெள்ளைக் கட்டைகளை 'சி'யிலிருந்து வாசித்தால் அயோனியன், 'டி'யிலிருந்து வாசித்தால் டோரியன். ஸ்வரங்கள் அதேதான். புறப்படும் இடத்தை மட்டும் மாற்றினால் காது ஏமாறுவதில்லை.

கிடாரை விற்றுவிடலாமா என்று அவர் யோசிக்கத் தொடங்கிய நேரத்தில், கர்நாடக சங்கீதம் பயின்ற அவருடைய தாயார் கேட்டார்: "எல்லாம் சங்கராபரணமாத்தானே கேக்குது? ஸட்ஜத்தை எங்கேடா வெச்சிருக்கே?"

அந்தக் கேள்விதான் பாடம். சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில், அதாவது 'டி'யில் வைத்து, அதே ஸ்வரங்களை வாசித்தார். கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள் எழுந்தன. மூன்று கட்டையில் தோடி, நான்கில் கல்யாணி, ஐந்தில் ஹரிகாம்போதி, ஆறில் நடபைரவி. ஏழு கட்டையில் மட்டும் பஞ்சமம் கிடைக்காது. அதனால் லோக்ரியனுக்கு ஈடான மேளகர்த்தா இல்லை. நம்மவர்கள் கிரக பேதம் என்று சொல்வது இதைத்தான். கமகம் இல்லாமல் தோடி ஏது என்று வித்வான்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் ஆதார ஸ்வரம் மாறினால் உணர்வே மாறும் என்பது இரு மரபுக்கும் பொது.

பிறகு அவர் மோட்களை ஏறி இறங்கி வாசிப்பதை விட்டார். முதல் தட்டில் ஆதார ஸ்வரம், அடுத்து பஞ்சமம், அதன் பின் அந்த மோடுக்கே உரிய ஒரு ஸ்வரம். டோரியனையும் ஏயோலியனையும் பிரிப்பது தைவதம் ஒன்றுதான். லிடியனுக்கு அடையாளம் பிரதிமத்யமம்.

மைல்ஸ் டேவிஸ் 1959-ல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டின் முதல் உருப்படியான 'சோ வாட்' இதற்கு நல்ல பாடம். 32 பார்களில் முதல் 16-ம் 'டி' டோரியன். அடுத்த 8 அரை ஸ்வரம் மேலே. கடைசி 8-ல் மறுபடி 'டி'. அதன் பிரதான மெட்டையே பால் சேம்பர்ஸின் டபுள் பேஸ்தான் வாசிக்கிறது.

கிடார்காரர் அதே ஸ்வரங்களில் சஞ்சரித்துக்கொண்டிருக்க, பேஸ் 'டி'யை விட்டு 'ஜி'யில் ஊன்றினால் டோரியன் மிக்சோலிடியனாகிவிடும். மேலே ஒரு ஸ்வரமும் மாறியிருக்காது. கைதட்டல் என்னவோ கிடார்காரருக்குத்தான். ஆனால் பாட்டுக்கு வீடு எது என்று தீர்மானிப்பவர் பின்வரிசையில் நிற்கிறார்.